எடின்பரோவில் டிராம், திருகோணமலையில் விவாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிகசாலையின் பின்னறையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு விவாத வட்டம் நடக்கிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம். இரண்டு மூன்று இளம் ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், அப்புறம் நான். இந்தத் தவணைக்கு எடுத்திருக்கும் தலைப்பு: "எடின்பரோ நகரம் தன் டிராம் வழியை வடக்கிலும் தெற்கிலும் நீட்ட வேண்டும்." தலைப்பை அறிவித்த நாளிலிருந்து வாட்ஸ்அப்பிலும் தேத்தண்ணிக் கடையிலும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பேசுவதற்கு ஊரில் விஷயமா இல்லை? ஏன் எங்கேயோ இருக்கிற எடின்பரோ?

ஊர் விஷயத்தையும் எடுத்துப் பார்த்தோம். போன வருஷம், கடைத்தெருவில் ஒரு வீதியை ஒருவழியாக்கலாமா என்று தலைப்பு வைத்தோம். இரண்டாவது பேச்சாளர் முடிப்பதற்குள், யாருடைய மாமாவின் கடை எந்தப் பக்கம் இருக்கிறது என்ற பேச்சாக அது மாறிவிட்டது. இன்னும் கொஞ்சம் போனால் எந்தச் சந்தியில் எந்தச் சனம் என்று வரும். அது எங்கே போய் முடியும் என்று திருகோணமலையில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எடின்பரோவில் எங்களில் ஒருவருக்கும் கடை இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஊர் ஒரே டிராமை ஒருமுறை படுமோசமாகவும் ஒருமுறை ஒழுங்காகவும் கட்டியிருக்கிறது. இரண்டின் கணக்கும் யாரும் பார்க்கலாம் என்று திறந்து கிடக்கிறது. விவாதம் பழக இதைவிட நல்ல சாமான் கிடைக்காது.

டிராமைக் கண்ணால் கண்டதே இல்லை. ரயிலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ரயிலுக்கென்று தனிப் பாதை இருக்கிறது. அது வந்தால் கடவையில் மற்ற எல்லோரும் நிற்கிறோம். டிராமின் தண்டவாளம் தார் வீதிக்குள்ளேயே புதைந்திருக்கும். அதன் மேல்முகம் மட்டும் வீதியோடு மட்டமாகத் தெரியும். சில்லின் விளிம்பு ஓடுவதற்கு அதில் ஒரு ஒடுங்கிய பள்ளம். மேலே மின்கம்பி. கார், பஸ்ஸோடு சேர்ந்து சிவப்பு விளக்குக்கும் நிற்கும். எடின்பரோ டிராம் ஒன்றின் நீளம் 42.8 மீற்றர், அதாவது இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் மூன்றரையை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியது போல. 250 பேர் வரை ஏறலாம், மிதிபலகையில் தொங்குவதற்கு இடமில்லாமலே.

இரும்பின்மேல் இரும்பு உருளுவதால் இழுவைக்குச் சக்தி குறைவாகவே தேவை, ஓட்டமும் குலுங்காது. ஆனால் தண்டவாளத்தில் மாட்டியிருப்பதால் விலகிப் போக வழியில்லை. முன்னால் ஒரு லொறி பழுதாகி நின்றால் டிராமும் நிற்கும். இரண்டு அணிகளுக்கும் தேவையான வாதத்தில் பாதி இந்தச் சில வசனங்களுக்குள்ளேயே இருக்கிறது.

இலங்கையில் எப்போதாவது டிராம் ஓடியதா?

கொழும்பில் ஓடியது. 1899இல் மின்சார டிராம் தொடங்கியது. கிராண்ட்பாஸ், பொரளைப் பக்கமெல்லாம் போனது. 1929இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நடந்த டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் நம் தொழிற்சங்க வரலாற்றில் பெரியதொரு சம்பவம். 1953இல் தண்டவாளம் தேவைப்படாத ட்ரொலி பஸ் வந்தது. 1960இல் டிராம் ஒரேயடியாக நின்றது. சென்னையில் 1895இல் தொடங்கி 1953இல் மூடினார்கள். எடின்பரோவும் தன் பழைய டிராமை 1956இல் நிறுத்தியது. அந்தக் காலத்தில் டிராம் தாத்தா காலத்துச் சாமான், பஸ்தான் நாகரிகம் என்ற எண்ணம் எல்லா இடத்திலும் இருந்தது.

ஆக, எடின்பரோ இன்று செய்வது தானே பிடுங்கி எறிந்ததைத் திரும்ப நடுகிற வேலை. எதிரணி இதை வைத்து நக்கலடிக்கலாம். ஆனால் நக்கல் ஒரு தரம்தான் எடுபடும்.

மாலபேயில் இருந்து கொழும்புக் கோட்டைக்கு ஜப்பானியக் கடனில் வரவிருந்த இலகு ரயிலை (சாதாரண ரயிலை விடச் சிறியது) சிலர் உதாரணம் காட்டப் பார்க்கிறார்கள். அப்போதைய ஜனாதிபதி 2020இல் அதை நிறுத்தச் சொன்னார். சுவாரசியமான கதைதான், ஆனால் நம் தலைப்புக்குள் வராது. அது புதிதாகத் தொடங்குவது பற்றியது. நம்முடையது நீட்டுவது பற்றியது. இந்த வித்தியாசத்தைத் தவறவிட்டால் விவாதமே கையை விட்டுப் போய்விடும். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

டிராம் "பாதை" என்று சொல்லலாமா?

வேண்டாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாதை என்றால் ஆற்றைக் கடக்கிற மிதவை. போன கிழமை ஒரு பிள்ளை "எடின்பரோவில் பாதையை நீட்டினார்கள்" என்று தொடங்க, பின்வரிசை முழுக்கச் சிரிப்பு. வழி என்று சொல்லுங்கள், தடம் என்றாலும் சரி.

எடின்பரோ கதையைச் சுருக்கமாகச் சொல்வீர்களா?

சுருக்கத்துக்குள் அடங்குகிற கதையல்ல. முயன்று பார்க்கிறேன்.

எடின்பரோ ஸ்கொட்லாந்தின் தலைநகர், ஐந்து லட்சம் சனம் இருக்கிற ஊர். விமான நிலையத்திலிருந்து நகர நடுவுக்கு வந்து, அங்கிருந்து லீத் துறைமுகத்தைத் தாண்டி நியூஹேவன் வரை டிராம் விடுவதுதான் முதல் திட்டம். நீளம் ஏறக்குறைய 18.5 கிலோமீற்றர், ஒதுக்கிய பணம் 545 மில்லியன் பவுண். (நகைப் பவுண் அல்ல, ஸ்ரேலிங். ஒரு பிள்ளை உண்மையாகவே கேட்டது.) 2008இல் பிரதான ஒப்பந்தம் கைச்சாத்தானது. கொஞ்சக் காலத்துக்குள் ஒப்பந்தகாரருக்கும், மாநகரசபை இதற்கென்றே வைத்திருந்த கம்பெனிக்கும் சண்டை மூண்டது. நகரத்தின் முதன்மையான வீதிகள் கிண்டியது கிண்டியபடி கிடந்தன. 2011இல் திட்டத்தை வெட்டி, யோர்க் பிளேஸ் வரை போதும் என்று நகர நடுவிலேயே நிறுத்தினார்கள். 2014 மே 31ஆம் திகதி ஓடத் தொடங்கியபோது மூன்று வருஷம் பிந்தியிருந்தது. 14 கிலோமீற்றர்தான், செலவு 776 மில்லியன். லீத் சனத்துக்குக் கிடைத்தது புழுதி மட்டும்.

என்ன பிழை நடந்தது என்று பார்க்க அதே வருஷம் ஹார்டி பிரபு தலைமையில் விசாரணை வைத்தார்கள். அறிக்கை 2023 செப்டெம்பரில்தான் வந்தது. கட்டி முடிக்க எடுத்ததை விட, ஏன் இப்படிக் கட்டினீர்கள் என்று கேட்க எடுத்த காலம் அதிகம். இதற்கிடையில் மாநகரசபை 2019இல் துணிந்து, விட்ட இடத்திலிருந்து நியூஹேவன் வரை 4.69 கிலோமீற்றரை நீட்டத் தீர்மானித்தது. 207 மில்லியன் பவுண், எட்டுத் தரிப்பிடங்கள். நடுவில் கொரோனா வந்தும், 2023 யூன் 7ஆம் திகதி சொன்ன செலவுக்குள் திறந்துவிட்டார்கள். முதல் டிராமைப் பற்றிய விசாரணை அறிக்கை வர இன்னும் மூன்று மாதம் இருந்தது.

லீத் மக்களுக்கு இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் லீத் தனி நகரசபை. அவர்களுடைய டிராம் மின்சாரத்தில் ஓடியது. எடின்பரோ டிராமையோ நிலத்துக்கு அடியில் ஓடும் ஒரு வடம் இழுத்தது. பில்ரிக் என்ற எல்லையில் எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கி மற்றதில் ஏற வேண்டும். 1920இல் லீத் எடின்பரோவோடு சேர்க்கப்பட்டு, 1922இல்தான் அந்தக் கூத்து முடிந்தது. இதைச் சொன்னபோது ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா, "நடுராத்திரி கல்ஓயாச் சந்தியில் பெட்டி படுக்கையோடு நின்றிருந்தால் உங்களுக்கும் விளங்கியிருக்கும்" என்றார். மட்டக்களப்புக்கும் நமக்கும் ரயில் வழி பிரிகிற இடம் அது.

545 எப்படி 776 ஆனது? களவா?

நம் ஊர்ப் பழக்கத்தில் முதலில் வாயில் வருகிற கேள்வி இதுதான். ஹார்டி விசாரணை பெரும்பாலும் நிர்வாகக் கோளாற்றைத்தான் காட்டியது. மாநகரசபையின் கம்பெனி, மாநகரசபை, ஸ்கொட்லாந்து அமைச்சர்கள் என்று ஒருவரையும் விடாமல் குறை சொன்னது. ஆனால் அடிப்படைக் காரணத்தைப் பார்க்க வீதிக்குக் கீழே இறங்க வேண்டும்.

டிராம் தண்டவாளத்துக்கு அடியில் கொங்கிறீட் படுக்கை போடுகிறார்கள். அதற்குக் கீழே ஒரு தண்ணீர்க் குழாய் இருந்து அது வெடித்தால், குழாயைத் திருத்துகிற வரைக்கும் டிராமை நிறுத்த வேண்டிவரும். அதனால் தண்டவாளம் போடுமுன்பே குழாய், வயர், கழிவுக் கான் எல்லாவற்றையும் ஓரத்துக்கு மாற்றுகிறார்கள். பழைய ஊரில் எது எங்கே ஓடுகிறது என்ற வரைபடத்தை நம்பவும் முடியாது. எடின்பரோவில் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ அதிகமாகக் குழாயும் வயரும் வெளிப்பட்டன. குழாய் மாற்றுவது ஒருவர் பொறுப்பு, தண்டவாளம் போடுவது வேறொருவர் பொறுப்பு. முன்னவர் முடிக்காமல் பின்னவர் காத்திருக்க, காத்திருந்ததற்கும் காசு கேட்க, அங்கிருந்துதான் சண்டை பிடித்தது.

எங்கள் ஒழுங்கையில் ஒருமுறை தண்ணீர்க் குழாய் போட வந்தவர்கள் தொலைபேசி வயரை அறுத்துவிட்டார்கள். வயர் ஒட்ட வந்தவர்கள் குழாயை உடைத்தார்கள். மூன்று கிழமை தண்ணீரும் இல்லை, போனும் இல்லை. ஒரு ஓட்டோ போகிற அகல ஒழுங்கைக்கே இந்தப் பாடு என்றால், நூற்றுக்கணக்கான வருஷம் பழைய துறைமுக வீதிக்கு எப்படி இருந்திருக்கும்?

நீட்டிப்பில் முறையை மாற்றினார்கள். ஒரு துண்டை ஒருமுறைதான் கிண்டுவது. குழாய் மாற்றுவது, தண்டவாளம் போடுவது எல்லாம் முடித்துத்தான் மூடுவது. அப்படியும் நிலம் சும்மா விடவில்லை. லீத் தேவாலயத்துக்கு வெளியே வீதிக்கு அடியில் பழைய மயானம் ஒன்று அகப்பட்டது. 2020இல் 360க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளைத் தொல்லியலாளர் எடுத்தார்கள். 1300க்கும் 1650க்கும் இடைப்பட்ட காலத்து ஆட்கள். நமக்கு இது புதினமில்லை. 1950இல் இங்கே பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் நகரசபை கிணறு வெட்டப் போய்த்தான் கோணேசர் கோயிலின் பழைய வெண்கலச் சிலைகள் வெளிவந்தன. சோமாஸ்கந்தரைத் தேடியா கிணறு வெட்டினார்கள்? தண்ணீருக்குத்தானே வெட்டினார்கள்.

நீட்டுவதும் புதிதாகக் கட்டுவதும் ஒன்றுதானே?

இல்லை. இந்தத் தலைப்பில் எனக்குச் சொல்ல இருப்பதே இதுதான், அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

புதிதாகத் தொடங்கும்போது டிராம் நல்லதா கெட்டதா என்று கேட்கலாம். நீட்டும்போது அந்தக் கேள்வி முடிந்துபோன கேள்வி. டிராம் ஏற்கெனவே ஓடுகிறது. பணிமனை கட்டியாகிவிட்டது, சாரதிகள் பழகிவிட்டார்கள், கடனும் வாங்கியாகிவிட்டது. இனிக் கேட்க வேண்டியது அடுத்த சில கிலோமீற்றரைப் பற்றி. அங்கே ஏறப் போவது யார், அந்த வீதியின் கீழே என்ன கிடக்கிறது, கிண்டுகிற வருஷங்களில் அடிபடப் போவது யார் என்று மூன்று கேள்விகள். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் பேச்சின் முதல் மூன்று நிமிஷத்தை "டிராம் சுற்றாடலுக்கு நல்லது" என்பதிலேயே விட்டுவிடுகிறார்கள். எதிரணி அதை ஒப்புக்கொண்டு, "அப்படியானால் பஸ்ஸை மின்சாரத்தில் விடலாமே" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

நீட்டிப்புக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. முதல் திட்டம் நியூஹேவன் வரை என்பதால் அந்த நீளத்துக்கு வேண்டிய 27 டிராமையும் வாங்கிவிட்டார்கள். வழியை வெட்டியபோது டிராமை வெட்ட முடியுமா? தேவைக்கு மிஞ்சிய வண்டிகளை வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் ஓட்டினார்கள். நீட்டிப்பு வந்தபோது புதிதாக ஒரு டிராமும் வாங்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன் 2019இல் வருஷத்துக்கு ஏழரை மில்லியன் பயணம் அளவில் இருந்தது. 2024இல் பன்னிரண்டு மில்லியனைத் தாண்டியது. விமான நிலையப் பக்கம் மட்டும் போன வண்டியில் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள் ஏறத் தொடங்கினார்கள். முன்மொழியும் அணிக்கு இது தங்கம். ஆனால் எதிரணி உடனே எழும்பிச் சொல்லலாம்: அந்த மிச்ச வண்டி ஒருமுறைதான் மிச்சம், அடுத்த நீட்டிப்புக்கு வண்டியும் வாங்க வேண்டும், பணிமனையும் காணாது. அதுவும் உண்மைதான்.

இப்போதைய சண்டை எதைப் பற்றியது?

வடக்கே கடலோரக் கிரான்டனில் தொடங்கி நகர நடுவுக்கு வந்து, அங்கிருந்து தெற்கே பெரிய ஆஸ்பத்திரியும் மருத்துவ ஆராய்ச்சி நிலையங்களும் இருக்கிற இடம் வரை போகிற புதிய வழி இது. 2025இன் பிற்பகுதியில் மாநகரசபை மக்களிடம் கருத்துக் கேட்டது. செலவு இரண்டு பில்லியன் பவுண் அளவில் பேசப்படுகிறது. முந்தைய நீட்டிப்பு போல் மாநகரசபை தானே கடன்பட்டுக் கட்டிக் கட்டணத்தில் திருப்பிக் கொடுக்கிற தொகை அல்ல இது. ஸ்கொட்லாந்து அரசாங்கம் கை கொடுக்காமல் நடக்காது.

வடக்குப் பக்கம் இரண்டு வழிகளைக் காட்டுகிறார்கள். ஒன்று ரோஸ்பேர்ண் நடைவழி. 1960களில் மூடிய பழைய ரயில் பாதை அது. இப்போது இரு பக்கமும் மரம் வளர்ந்து, சனம் நடக்கவும் சைக்கிள் ஓடவும் பாவிக்கிறது. நரிகளும் உண்டு. மற்றது ஓர்ச்சர்ட் பிரே பக்கமாக வீதியோடு போகிறது. தோமஸ் டெல்ஃபோர்ட் 1831இல் கட்டி முடித்த டீன் பாலத்தைக் கடக்க வேண்டும்.

ரோஸ்பேர்ணில் டிராம் வேகமாகப் போகும், கார் குறுக்கே வராது, கீழே குழாய்த் தொல்லையும் குறைவு. 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதை டிராமுக்கென்று ஒதுக்கியும் இருந்தார்கள். எதிர்ப்பவர்கள், அறுபது வருஷமாக எங்களுக்கு அது சோலை என்கிறார்கள். தாளில் அது இன்னும் போக்குவரத்து நிலம், அங்கே நடக்கிறவர்களுக்குப் பூங்கா. இது விளங்கவில்லை என்றால் கோட்டை மான்களை நினையுங்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலில் மான்கள் படுத்திருக்கின்றன. நாளைக்கு யாராவது ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து, "இது இராணுவக் கோட்டை, இங்கே மானுக்கு இடமென்று எந்தக் கடதாசியில் இருக்கிறது?" என்று கேட்டால் ஊர் சும்மா இருக்குமா?

பஸ் விட்டால் போதாதா?

எதிரணியின் மிகப் பலமான கேள்வி. எடின்பரோவின் பெரும்பாலான பஸ்களை ஓட்டும் கம்பெனியில் பெரும்பங்கு மாநகரசபைக்கே சொந்தம், நல்ல பெயரும் உண்டு. நியூஹேவன் நீட்டிப்பின் கணக்கில் ஒரு கிலோமீற்றருக்கு 44 மில்லியன் பவுண் போயிருக்கிறது. அந்தக் காசுக்கு எத்தனை பஸ் வாங்கலாம் என்று கேளுங்கள், சபை கைதட்டும்.

பதில் இருக்கிறது, ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்துகிற பதில் அல்ல. ஒரு வீதியில் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடி, எல்லாமே நிரம்பி, ஒன்றன்பின் ஒன்றாகத் தரிப்பிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிற நிலை வந்தால், இன்னொரு பஸ் விடுவதால் நெரிசல்தான் கூடும். அங்கே ஒரு சாரதி 250 பேரை ஏற்றிப் போகிற டிராம் கைகொடுக்கும். அந்த நிலை இல்லாத வீதிக்கு டிராம் வீண்செலவு. எடின்பரோவின் தெற்குப் பக்கம் அந்த நிலையில் இருக்கிறதா, வடக்குப் பக்கம் இருக்கிறதா என்று பிரித்துப் பேசுகிற பேச்சாளருக்கு நான் நடுவராக இருந்தால் கூடப் புள்ளி போடுவேன். முழு வழிக்கும் ஒரே பதில் சொல்ல வேண்டும் என்று தலைப்பு கட்டாயப்படுத்தவில்லை.

கடைக்காரர்கள் பற்றி என்ன சொல்வது?

கிண்டுகிற காலத்தில் அடிபடுகிறவர்களும், முடிந்தபின் பலன் பெறுகிறவர்களும் பலநேரம் வேறு வேறு ஆட்கள். லீத் வீதியில் கடை வைத்திருந்தவர்கள் இரண்டு தடவை அடிபட்டார்கள்: டிராம் வராமலே போன முதல் கிண்டலில் ஒருமுறை, நீட்டிப்பில் இன்னொருமுறை. இரண்டாம் முறை மாநகரசபை உதவித் தொகைத் திட்டம் ஒன்றை வைத்தது. ஆனால் மூன்று வருஷம் வேலிக்குப் பின்னால் கிடந்த தேத்தண்ணிக் கடைக்கு, நாலாவது வருஷம் வரப்போகிற கூட்டத்தால் என்ன பயன்?

நமக்கு அருகிலேயே உதாரணம் இருக்கிறது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர், திறந்தபோது நாட்டிலேயே நீளமானது. அதுவரை பாதைக்காகக் காத்துநின்றவர்களில் ஒருவரும் பாலம் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். ஆனால் காத்துநின்றவர்களுக்கு வடையும் பிளேன்ரீயும் விற்றவர்களை நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. பாலம் பிழை என்று சொல்ல வரவில்லை. கூட்டல் போடும்போது அவர்களையும் ஒரு வரியில் எழுதுங்கள் என்கிறேன்.

சைக்கிள்காரர்களுக்கு ஆபத்தாமே?

ஆம். தண்டவாளப் பள்ளத்துக்குள் சைக்கிள் சில்லு மாட்டிக்கொள்ளும், மழை நாளில் இரும்பு வழுக்கும். 2017இல் எடின்பரோவில் ஒரு மாணவி அப்படி விழுந்து உயிர் போனது. தண்டவாளத்தை இயன்றவரை நேர்குறுக்காகத்தான் கடக்க வேண்டும்.

எடின்பரோ தவிர வேறு ஊர் உதாரணம் காட்டலாமா?

காட்டலாம். நம் சனம் இருக்கிற இடங்களையே எடுங்கள், சபைக்கும் ஒட்டும்.

லண்டனில் குறொய்டன், மிச்சம், விம்பிள்டன் பக்கம் 2000ஆம் ஆண்டிலிருந்து டிராம் ஓடுகிறது. அதைச் சட்டன் வரை நீட்டப் பல வருஷமாகப் பேசி, வழியும் தெரிவுசெய்து, 2020இல் பணம் இல்லை என்று நிறுத்தி வைத்தார்கள். மிச்சத்தில் டிராம் வந்துவிட்டது, சட்டனுக்குத்தான் இன்னும் மிச்சம்.

கனடாவில் ஸ்காபரோ கதை இதைவிடப் பெரிது. அங்கே 1985இலிருந்து ஓடிய சிறு ரயில் ஒன்று பழசாகிவிட்டது. அதற்குப் பதிலாக ஏழு தரிப்பிடங்களோடு இலகு ரயில் போட 2012இல் ஒப்பந்தமும் எழுதினார்கள். 2013இல் ரொறன்ரோ மாநகரசபை மனம் மாறி, இல்லை, நிலத்தடி ரயில்தான் வேண்டும் என்றது. பிறகு தரிப்பிடம் மூன்று என்றார்கள், 2016இல் ஒன்று போதும் என்றார்கள், 2019இல் மாகாண அரசு கையில் எடுத்துத் திரும்ப மூன்று என்றது. புதியது கட்டி முடியுமுன்பே, 2023 யூலையில் பழைய ரயில் தடம்புரண்டது. அதோடு அதை மூடிவிட்டார்கள். என் சித்தியின் மகள் அன்றிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். ஸ்காபரோவை எந்த அணியும் பாவிக்கலாம், ஆனால் நான் அதில் பார்ப்பது வேறு. அங்கே இலகு ரயிலை எதிர்த்தவர்களில் நிறையப் பேருக்கு இலகு ரயில் மேல் கோபம் இல்லை. நகர நடுவில் இருக்கிறவர்களுக்கு நிலத்தடி ரயில், எங்களுக்கு மட்டும் குட்டி ரயிலா என்ற மானப் பிரச்சினைதான். நீட்டிப்பு விவாதங்களில் இந்த மானம் எப்போதும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். அதை ஏளனம் செய்கிற பேச்சாளர் தோற்பார்.

பவுணை ரூபாயாக்கிச் சொல்லலாமா?

வேண்டாம். சைபர்களை எண்ணி முடிக்கவே உங்கள் நேரம் போய்விடும்.

திருகோணமலைக்கு டிராம் வருமா?

வராது. பட்டினமும் சூழலும் என்ற பிரதேச செயலகப் பிரிவில் 2012 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்தை ஒட்டித்தான் சனம். அதற்கு டிராம் போடுகிற பைத்தியம் யாருக்கும் பிடிக்காது.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஊரின் வடிவம் டிராமுக்கென்றே வெட்டி வைத்தது போல இருக்கிறது. ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் கடல், நடுவில் ஒடுங்கிய கழுத்து. வடக்கே உப்புவெளி, நிலாவெளி என்று கடலோரமாக ஒரே நீட்டு வீதி. டிராமுக்குப் பிடிப்பது இப்படி ஒரு கோட்டில் நீண்ட ஊர்தான். நான்கு திசையிலும் பரந்த ஊரில் யாருக்கும் கிட்டவாக இருக்காது. 1927இல் வந்த ரயிலும் சீனன்குடாப் பக்கமிருந்து வந்து பட்டினத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே வடக்கே போக பஸ்ஸும் ஓட்டோவும்தான். நிலாவெளி பஸ்ஸுக்கு நேர அட்டவணை ஒன்றைத் தரிப்பிடத்தில் ஒட்டி, அதன்படி ஓடினாலே போதும், நான் டிராமைப் பற்றி மூச்சு விடமாட்டேன்.

நீங்கள் எந்தப் பக்கம்?

சொல்லக் கூடாது, ஆனால் எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். நியூஹேவன் நீட்டிப்பு சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. புதிய வழியில் தெற்கைக் கட்ட வேண்டும், வடக்கைப் பொறுக்கலாம் என்பது என் எண்ணமாக இருந்தது. தெற்கில் ஆஸ்பத்திரி இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, பஸ்கள் இன்றைக்கே நிரம்பி வழிகின்றன. வடக்கே கிரான்டனில் கட்டப் போவதாகச் சொல்கிற ஏறக்குறைய 3,500 வீடுகளில் பெரும்பகுதி இன்னும் எழும்பவில்லை. ஆள் வந்தபிறகு டிராம் விடலாமே என்று நினைத்தேன்.

பயிற்சிச் சுற்றில் இதை நான் எதிரணிக்காகப் பேசிக் காட்டினேன். முன்மொழிந்த பக்கத்தில் கன்னியாப் பக்கமிருந்து வருகிற ஒரு மாணவி இருந்தாள். மறுமொழியில் எடின்பரோ என்ற பேரையே அவள் எடுக்கவில்லை. தாங்கள் இருக்கிற வீட்டுத் திட்டத்துக்குக் குடிவந்தபோது பஸ் இல்லை என்றாள். அப்பா லீசிங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தார், பிறகு அண்ணா எடுத்தான், பிறகு பக்கத்து வீடுகளிலும் எடுத்தார்கள். நாலு வருஷம் கழித்து பஸ் வந்தது. ஏற ஆளில்லை என்று ஆறு மாதத்தில் நிறுத்தினார்கள். "பஸ் வந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு லீசிங் கட்டி முடிக்கவில்லை, சேர். அதை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறுவோமா?" என்று கேட்டாள்.

நான் குறிப்புத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்கு எழுதி வைத்திருந்த பதில் ஒன்றும் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா நேரம் முடிந்தது என்று மணியை அடித்தார், இன்னும் ஒரு நிமிஷம் இருந்தும்.